ஃபிளாட்டுக்கு ஒரு நலத்திட்டம்: எங்கே தொடங்குவது?

உங்கள் ஃபிளாட்டில் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் அமைப்பு) இருக்கும், கோயில் கமிட்டி, சுராவ் (சிறிய தொழுகை இடம்), மகளிர் குழு எல்லாம் இருக்கும், பக்கத்திலேயே அரசு கிளினிக்கும் இருக்கும். ஆளுக்கொரு நிகழ்ச்சி நடத்தி, பேனர் கட்டி, நாசி லெமாக் கொடுத்து அனுப்புவார்கள், அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. இவர்களை ஒரே உடல்நலத் திட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று கோலாலம்பூர் ஃபிளாட்டுகளை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: இடம் யாருடைய பொறுப்பு?
மாநகர் மன்றத்தின் வாடகை ஃபிளாட் என்றால் மண்டபத்துக்கு அங்கேதான் எழுத வேண்டும். சொந்த வீட்டு அடுக்குமாடி என்றால் கூட்டு நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள், 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாகச் சட்டப்படி பொது இடம் அவர்கள் கையில். ருக்குன் தெத்தாங்கா 1975லிருந்து நாடு முழுக்க இருக்கும் அமைப்பு, அவர்களை விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள்.

படி 2: போய்க் கேளுங்கள்
என்ன தேவை என்று குடியிருப்பாளர்களிடம் கேட்கப் பொதுக்கூட்டம் போட்டால் வழக்கமாகப் பேசுகிற நாலு பேர்தான் பேசுவார்கள். பினாங்கில் 2012 வாக்கில் ஜாலான் சுங்கை ஃபிளாட்டில் பங்கேற்பு பட்ஜெட் முறையைத் தொடங்கியபோது பெண்கள், ஆண்கள், இளைஞர்கள், முதியவர்கள் என்று தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள், அப்புறம் எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பாளர்களையே வாக்களிக்க வைத்தார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரவு ஷிப்ட் ஜாகாவும் (காவலாளி) கிராப் ஓட்டுகிறவரும் மாலைக் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், அவர்களைக் காலையில் கீழே பசியாறும் கடையில் பிடியுங்கள்.

படி 3: வந்த பதில்களைப் பிரித்து வையுங்கள்
நாமே செய்யக்கூடியது, யாராவது கைகொடுத்தால் முடிவது, அதிகாரிகள் மட்டுமே செய்ய வேண்டியது என்று மூன்றாக. பெரும்பாலும் முதலில் வருவது லிஃப்ட் புகார்தான். "இது நலத்திட்டம், லிஃப்ட் இல்லை" என்று தள்ளாதீர்கள்! முட்டிவலிக்காரப் பாட்டி பதினாலாவது மாடியிலிருந்து இறங்க முடியாவிட்டால் உங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் யார் நடப்பார்கள்? அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, நகலை நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கும் கொடுத்து, அனுப்பியதை எல்லாரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

படி 4: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்
எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். டெங்கி என்று வைத்துக்கொள்வோம்: அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், அதனால்தான் வாரம் பத்து நிமிடம் தேடி அழிக்கச் சொல்கிறார்கள். மாடிக்கு ஒருவர், வாரம் ஒரு முறை, புழு இருந்த பூந்தொட்டித் தட்டு, வாளி எத்தனை என்று எண்ணி எழுதினால் போதும், குறைகிறதா இல்லையா என்று பார்த்தவுடன் தெரியும்.

இனிப்பு நீர் (நீரிழிவு) என்றால் கொஞ்சம் சிரமம். 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, ஆனால் ஒரு நாள் விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதோடு நின்றால் பயனில்லை, அளவு கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் பிறகு கிளினிக்குக்குப் போனார்கள் என்பதுதான் எண்ண வேண்டியது. யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்று புலன (வாட்ஸ்அப்) குழுவில் போடவே கூடாது, அந்தத் தாள் தாதியிடம் இருக்கட்டும்.

படி 5: ஒரே தாளில் எழுதுங்கள்
வேலை, செய்பவர் பெயர், அவர் வராவிட்டால் யார், எந்தத் தேதிக்குள், காசு எங்கிருந்து. "கமிட்டி" என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள், ஆள் பெயர் வேண்டும். மண்டபச் சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள், சிரிக்காதீர்கள், பாதி நிகழ்ச்சிகள் அங்கேதான் தாமதமாகின்றன. கிளினிக்குக்குக் கடிதம் ஒரு மாதமாவது முன்பே போகட்டும். தைப்பூசம், நோன்பு மாதம், வெள்ளி மதியம் இவற்றைப் பார்த்துத் தேதி வையுங்கள்.

டி-சட்டை? பிறகு பார்க்கலாம்.

படி 6: மூன்று மாதம் கழித்து
அதே தாளோடு உட்காருங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால் எந்த மாடியில் என்று பாருங்கள், ஆள் இல்லாமல் கிடந்த வேலையை வேறு ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள், அல்லது அடித்துவிடுங்கள். குறைந்திருந்தால் படி 3இல் எழுதி வைத்த பட்டியலில் அடுத்ததை எடுக்கலாம், லிஃப்ட் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்றால் அன்றே இரண்டாவது கடிதம் போகட்டும்.