கண் போன பூனையும் நாம் செய்யும் தவறுகளும்

தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், இறக்கிவைத்த அரிசி மூட்டையில் எங்கள் பூனை கருப்பி போய் முட்டிய பிறகுதான் அதற்குக் கண் தெரியவில்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது. மூட்டை அன்று காலையில் வந்தது. அதுவரை வீட்டை மனப்பாடமாக வைத்து நடந்திருக்கிறது. குனிந்து பார்த்தேன், முற்றத்து வெயிலிலும் கண்மணி சுருங்காமல் அகலமாக விரிந்தே கிடந்தது.

"வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஆச்சி. நாங்களும் பத்து நாள் சும்மா இருந்துவிட்டோம். பெரிய தவறு அதுதான். வயதான பூனைக்குத் திடீரென்று பார்வை போவதற்கு ரத்தக் கொதிப்பு ஒரு முக்கியக் காரணம். சிறுநீரகக் கோளாறோ தைராய்டோ அதற்குப் பின்னால் இருக்கலாம். கொதிப்பு ஏறினால் விழித்திரை பிரிந்துவிடும். உடனே மருந்து தொடங்கினால் சில பூனைகளுக்குக் கொஞ்சமாவது பார்வை திரும்பும். திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், நமக்கு வாங்கிய சொட்டு மருந்து எதையும் கண்ணில் விடாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு அதை இன்னும் மோசமாக்கும்.

அப்புறம், பாவம் பார்த்துத் தூக்கிச் சுமப்பது. நாலு எட்டு தூக்கிப் போய் வேறிடத்தில் விட்டால், தான் எங்கே நிற்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுங்கள். அங்கிருந்து தானே வழி பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், அது வெளிக்குப் போகிற மண் நிரப்பிய தட்டு மூன்றும் இடம் மாறவே கூடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சாமானையெல்லாம் புரட்டிப் போடுவோமே, அப்போது ஒரு அறையையாவது தொடாமல் விட்டு, அதை அங்கே வைத்திருங்கள்.

ஃபினாயில் போட்டுத் தரை துடைப்பதையும் நிறுத்துங்கள். பூனைக்கு அது விஷம். மோப்பத்தால் அறிந்துவைத்த தடத்தையும் அழித்துவிடும்.

ஆடிக் காற்றில் கதவு படார் படாரென்று அடிக்கும் நாட்களில் கருப்பி கட்டிலுக்கு அடியை விட்டு வராது. காதை நம்பி நடக்கிற உயிர் இல்லையா? கதவுக்கு முட்டுக் கொடுங்கள். புறவாசல் கதவைத் திறந்து போட வேண்டாம், கிணறும் தெருநாயும் அந்தப் பக்கம்தான். தொடுமுன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தூங்கும்போது திடீரென்று கை பட்டால் பயந்துபோய்ப் பிறாண்டும். அதற்காக அதை அடிக்காதீர்கள்.