மாடிப்படிக்கு அடியில் சோலார் பேட்டரி: சார்ஜ் செய்வதிலும் காற்றோட்டத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோலார் பேனலை மொட்டை மாடியில் எந்தச் சாய்வில் வைப்பது என்று நாள்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, பேட்டரிக்கு இடம் கேட்டால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இருட்டு மூலையையோ கதவு போட்ட அலமாரியையோ காட்டிவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரிக்கு அத்தகைய இடம் ஆபத்தானது. சார்ஜ் செய்யும் முறையும் காற்றோட்டமும் வெவ்வேறு விஷயங்கள் என்று எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

12 வோல்ட் பேட்டரி ஒன்றில் 6 செல்கள் இருக்கும். ஒரு செல்லின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.35 முதல் 2.4 வோல்ட்டை எட்டும்போது, அதாவது பேட்டரி 14.1 முதல் 14.4 வோல்ட்டைத் தொடும்போது, உள்ளே செல்லும் மின்சாரத்தின் ஒரு பகுதி தகடுகளில் சேராமல், நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்குகிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டிவிட்டால் ஒரு சிறு பொறியிலேயே அது பற்றிக்கொள்ளும். ஒரு செல்லில் 1 ஆம்பியர்-மணி (1 ஆம்பியர் வீதம் 1 மணி நேரம் பாயும்) மின்சாரம் முழுவதும் நீரைப் பிரிப்பதில் செலவானால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் உருவாகும். இரண்டு பேட்டரிகள் இணைந்த 24 வோல்ட் அமைப்பில் 12 செல்கள். பேட்டரி நிறைந்த பிறகும் 5 ஆம்பியர் வீதம் 2 மணி நேரம் சார்ஜ் தொடர்ந்தால் வெளிவருவது ஏறத்தாழ 50 லிட்டர். 1 கன மீட்டர் (1,000 லிட்டர்) அலமாரியை மூடி வைத்திருந்தால் அங்கே எரியும் அளவு தாண்டிவிட்டது என்று பொருள்.

ஹைட்ரஜன் காற்றைவிடச் சுமார் 14 மடங்கு இலேசானது. எனவே அது மேலேதான் போய்த் தங்கும். கீழே மட்டும் துளையிட்டு, மேலே பலகையால் அடைத்த பெட்டியில் அது வெளியேற வழியே இல்லை. தரையையொட்டி ஒரு திறப்பும், எதிர்ப்புறச் சுவரில் கூரையையொட்டி இன்னொரு திறப்பும் இருக்க வேண்டும்; அவை வீட்டின் இன்னோர் அறைக்குள் அல்லாமல் வெளிக்காற்றை நோக்கித் திறந்திருக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இன்வெர்ட்டரையோ சுவிட்ச் போர்டையோ பேட்டரிக்கு நேர் மேலே பொருத்துவது, எரியும் வாயுவையும் தீப்பொறியையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதாகும். ஆயுத பூஜையன்று பேட்டரிக்குப் பொட்டு வைப்பதில் தடையில்லை. ஆனால் கற்பூரத்தையும் ஊதுபத்தியையும் தயவுசெய்து அந்த இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டாம்.

வாயுவுக்குப் பயந்து சார்ஜ் மின்னழுத்தத்தை மிகவும் குறைத்து வைப்பதும் தவறுதான். நாள்தோறும் அரைகுறையாகவே சார்ஜ் ஆகும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போகிறது. அடர்த்தியான அமிலம் அடியில் தங்கிவிடுகிறது. ஓரளவு குமிழி எழுவது அந்த அமிலத்தைக் கலக்கவும் தேவைப்படுகிறது. சரியான அளவு எது என்பதைப் பேட்டரித் தயாரிப்பாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு எப்போதாவது கொடுக்கப்படும் 15 வோல்ட்டுக்கு மேற்பட்ட சமன்படுத்தும் சார்ஜை (எல்லாச் செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது), மூடப்பட்ட ஜெல் பேட்டரிக்குக் கொடுத்துவிட்டால், வால்வு வழியாக வெளியேறும் நீரைத் திரும்ப ஊற்றவே முடியாது. ஆகவே, பேட்டரியை மாற்றும் நாளில், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரின் அமைப்பையும் மாற்ற மறக்கக் கூடாது.

நம் ஊர் வெயிலில் பலரும் கவனிக்காதது வெப்பநிலை. கையேட்டில் உள்ள மின்னழுத்தம் பெரும்பாலும் 25 டிகிரிக்கானது. செல்லுக்கு டிகிரிக்கு 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும் என்று கொண்டால், 40 டிகிரி அறையில் 14.4 வோல்ட் என்பது சுமார் 14.0 ஆக இறங்க வேண்டும். கன்ட்ரோலருடன் வரும் வெப்ப உணரியைப் பிரிக்காமலே பெட்டிக்குள் விட்டுவிடுவதால் இந்தத் திருத்தம் நடப்பதில்லை. உணரி பேட்டரியின் உடலிலேயே ஒட்டப்பட வேண்டும். அதுபோல, 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிக்கு 15 ஆம்பியர் அளவே வழக்கமான சார்ஜ். பேனல்களைக் கூட்டும்போது கன்ட்ரோலரில் இந்த வரம்பைச் சரிபார்க்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவதைச் சார்ஜ் முடிந்த பிறகு செய்யுங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜின்போது மட்டம் உயர்ந்து அமிலம் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும், குறிப்பாக வீட்டு ஆர்.ஓ. நீரும் கூடுதல் அமிலமும், கூடாது.

டெர்மினலைக் கழற்றுவதற்கு முன் பேனல் இணைப்பையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, கதவைத் திறந்து வைத்து, சிறிது நேரம் கழித்து எதிர்மின் முனையை (நெகட்டிவ்) முதலில் எடுக்க வேண்டும். சார்ஜின்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால், ஒரு செல் பழுதாகி மிகையாகச் சூடாகியிருக்கக்கூடும். அந்த நாற்றத்தைத் தரும் வாயு நச்சுத்தன்மை உடையது. சார்ஜை நிறுத்துவதற்காக நாற்றம் நிறைந்த அறைக்குள் நுழைய வேண்டாம். வெளியே உள்ள சுவிட்சில் பேனல் இணைப்பையும் மின் இணைப்பையும் துண்டித்து, எல்லோரையும் வெளியேற்றி, பேட்டரி ஆறிய பிறகே பழுது பார்ப்பவரை உள்ளே அனுப்புங்கள்.