திரையில் உலவும் உருவங்கள்: ஷிமெஜி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினித் திரையின் ஓரத்தில் நடந்து, சாளரங்களின் மேல் ஏறி அமர்ந்து, சுட்டியால் தூக்கினால் கையில் தொங்கும் ஷிமெஜி உருவங்களைப் பலர் ஆசையோடு நிறுவுகிறார்கள். ஜப்பானின் குரூப் ஃபினிட்டி என்ற குழு 2009-இல் வெளியிட்ட இந்த நிரல் ஜாவா என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதன் வழிவந்த ஷிமெஜி-ஈஈ என்னும் பதிப்பே இப்போது பரவலாகப் புழங்குகிறது. நிரல் சரியில்லை என்று சலித்துக்கொண்டு நீக்கிவிடுபவர்கள் சந்தித்த சிக்கல்களில் பெரும்பாலானவை நிரலுக்குள் பிறந்தவை அல்ல. கோப்புறையையும் படங்களையும் அவசரத்தில் கையாண்டதால் வந்தவை.

முதல் தவறு பதிவிறக்கத்திலேயே நேர்கிறது. ஓர் உருவத்துக்கான பொதியில் இருக்க வேண்டியவை ஒளிபுகும் பின்னணி கொண்ட பிஎன்ஜி படங்களும், தேவைப்பட்டால் அசைவுகளை விவரிக்கும் ஓரிரு எக்ஸ்எம்எல் கோப்புகளும் மட்டுமே. புதிய உருவம் என்ற பெயரில் ஒரு நிறுவுநிரல் வந்து அனுமதி கேட்டால், அதை இயக்காமல் அழித்துவிடுவதே நல்லது. திரைத் தோழன் என்ற வேடத்தில் வந்த நிரல்களால் பயனர்கள் ஏமாந்த வரலாறு பழையது. 1990-களின் இறுதியில் பிரபலமான பான்சிபடி என்ற ஊதாக் குரங்கு, விளம்பரங்களைக் காட்டுவதற்காகவே பேர்போனது. சிறுவர்களின் தனிப்பட்ட விவரங்களைப் பெற்றோரின் இசைவின்றித் திரட்டிய குற்றச்சாட்டில் அதன் நிறுவனம் 2004-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் 75,000 டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது.

ஜிப் கோப்பை விரிக்காமல், அதற்குள்ளிருந்தே நிரலைச் சொடுக்குவது அடுத்த தவறு. அப்படிச் சொடுக்கும்போது விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக இடத்துக்கு எடுத்துச் சென்று இயக்குவதால், படங்களும் அமைப்புக் கோப்புகளும் அருகில் இல்லாமல் நிரல் நின்றுவிடுகிறது. முழுக் கோப்புறையையும் விரித்து, எழுத அனுமதியுள்ள ஓர் இடத்தில் வையுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறை அதற்கு ஏற்றதல்ல, ஏனெனில் நீங்கள் மாற்றும் அமைப்புகளை நிரலால் அங்கே சேமிக்க முடியாமல் போகலாம். சொடுக்கியும் எதுவுமே நிகழவில்லை என்றால், அந்தப் பதிப்பை இயக்கத் தேவையான ஜாவா மென்பொருள் கணினியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சொந்த உருவத்தை வரைபவர்களைத்தான் மிகுந்த சிக்கல்கள் சூழ்கின்றன. ஒரு முழு உருவத்துக்கு 46 படங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் வழக்கமாக 128 படப்புள்ளி அகலமும் 128 படப்புள்ளி உயரமும் கொண்டது. இந்த எண்ணிக்கையைக் கண்டு மலைத்துச் சில படங்களை விட்டுவிட்டால், அவற்றைத் தேடும் அசைவு வரும்போது பிழை தோன்றும். எல்லாவற்றையும் புதிதாக வரைந்தாக வேண்டும் என்பதில்லை. நிற்பது, நடப்பது, விழுவது, தொங்குவது ஆகியவற்றை வரைந்துவிட்டு, மீதிப் பெயர்களில் அவற்றின் நகல்களை வைத்துக்கொண்டு பின்னர் பொறுமையாக மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக் வடிவத்துக்கு ஒளிபுகும் பின்னணி கிடையாது என்பதால், அதில் சேமித்துப் பிறகு பிஎன்ஜியாக மாற்றினாலும் உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் ஒட்டிக்கொண்டே வரும்.

படங்கள் இடப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். வலப்பக்கம் நடக்கும்போது நிரலே அவற்றைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிக்கொள்கிறது. இதை அறியாமல் வலப்பக்கம் பார்க்க வரைந்தவர்களின் உருவம் பின்னோக்கி நடக்கும். சட்டையில் எழுத்து இருந்தால் அது திரும்பிய நிலையில் இடவலம் மாறித் தெரியும். அத்தகைய உருவங்களுக்கு வலப்பக்கப் படத்தைத் தனியே குறிப்பிடும் வசதி ஷிமெஜி-ஈஈயில் உண்டு.

எல்லாவற்றையும்விட நுட்பமானது நங்கூரப் புள்ளி. உருவத்தின் எந்தப் புள்ளி தரையைத் தொட வேண்டும் என்பதை அது சொல்கிறது. 128 அளவுள்ள படத்துக்கு அது இடமிருந்து 64, மேலிருந்து 128, அதாவது அடிவிளிம்பின் நடு. நீங்கள் 200 அளவில் வரைந்துவிட்டு இந்த எண்களை அப்படியே விட்டால், உருவம் 72 படப்புள்ளி தரைக்குக் கீழே அமிழும். நடுப்புள்ளியும் விலகியிருப்பதால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் துள்ளும். எண்கள் 100, 200 என மாற வேண்டும். எண்கள் சரியாக இருந்தும் உருவம் காற்றில் மிதந்தால், படத்தில் பாதத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அளவைப் பெருக்குவதற்கு முன் நினைவகத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு படப்புள்ளிக்கு 4 பைட் என்ற கணக்கில், 128 அளவில் 46 படங்கள் ஏறத்தாழ 3 மெகாபைட் பிடிக்கும். 512 அளவில் அதே படங்கள் 46 மெகாபைட் ஆகும், திருப்பிய நகல்களும் சேர்ந்தால் இருமடங்கு.

அசைவுகளை எழுதும் எக்ஸ்எம்எல் கோப்பைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைப்பது கட்டாயம், ஏனெனில் கோப்பின் பகுதிகளைத் தொடங்கி முடிக்கும் குறிகளில் ஒன்றை மூடாமல் விட்டாலே போதும், உருவம் தொடங்கவே தொடங்காது. அதில் வரும் கால அளவை மில்லிவிநாடி என்று பலர் நினைக்கிறார்கள். அது நிரலின் துடிப்பு எண்ணிக்கை. ஒரு துடிப்பு 40 மில்லிவிநாடி. அரை விநாடி என்று கருதி 500 என எழுதினால், உருவம் 20 விநாடி அசையாமல் நிற்கும். ஒரு நடத்தை எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்பதைக் குறிக்கும் நிகழ்வெண்ணும் விழுக்காடு அல்ல, மற்றவற்றோடு ஒப்பிட்ட எடை மட்டுமே. பிடிக்கவில்லை என்பதற்காக விழுதல், இழுபடுதல், வீசப்படுதல், சுட்டியைத் துரத்துதல் ஆகிய நான்கையும் கோப்பிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நிரல் அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கிறது.

தொடக்க அமைப்புகளை அப்படியே விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதும் சரியல்ல. உருவங்கள் தாமாகவே பெருகும். திறந்திருக்கும் சாளரத்தைத் தூக்கித் திரைக்கு வெளியே எறியவும் செய்யும். பணிப்பட்டையில் உள்ள சின்னத்தை வலச்சொடுக்கினால் இவ்விரண்டையும் நிறுத்தலாம். எறியப்பட்ட சாளரங்களை அங்கிருந்தே மீட்கலாம். பிறர் பார்க்கத் திரையைப் பகிர்வதற்கு முன் இதைச் செய்துவிடுவது நலம்.

கணினி தொடங்கும்போதே உருவம் வர வேண்டும் என்று நிரல் கோப்பை மட்டும் எடுத்துத் தொடக்கக் கோப்புறையில் போடுபவர்களுக்கு, ஜிப் கோப்புக்குள்ளிருந்து இயக்கியபோது வந்த அதே பிழைதான் வரும். அங்கே வைக்க வேண்டியது குறுக்குவழி. நிரலும் அதன் படங்களும் முன்பிருந்த கோப்புறையிலேயே இருக்கட்டும்.