ஹைலக்ஸா, டிமேக்ஸா? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிக்கப் வாங்குவதென்றால் டொயோட்டா ஹைலக்ஸா, இசுசு டிமேக்ஸா என்று வாரத்துக்கு ஒரு தம்பியாவது கேட்கிறார். ஏர்கான் வேலைக்காக நானும் பதினேழு வருடமாக இங்கே வண்டி வைத்து ஓட்டுகிறேன், மூன்று பிக்கப், ஒரு வேன், ஒரு பத்தடி லாரி எல்லாம் பார்த்தாகிவிட்டது, அதனால் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலே பேச்சு அங்கேதான் போகும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

வண்டிக்கு முன்னால் உரிமம். ஊரில் குட்டி யானையும் பொலேரோவும் ஓட்டித் தள்ளிய அனுபவம் கையில் இருக்கும், வெளிநாட்டு உரிமத்தை அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதி மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னது சரிதான், ஆனால் 2017 முதல் அப்படி மாற்றினால் கையில் கிடைப்பது வகுப்பு 3சி. அதில் கார் ஓட்டலாம், சரக்கு வண்டி ஓட்ட முடியாது. பிக்கப் பார்ப்பதற்குக் கார் மாதிரி இருந்தாலும், நான்கு கதவு இருந்தாலும், இங்கே அது சரக்கு வண்டிதான், நம்பர் பிளேட்டே ஜி எழுத்தில்தான் தொடங்கும். அதை ஓட்ட வகுப்பு 3 செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். முதலாளி சாவியைக் கொடுத்து "பரவாயில்லை, எடுத்துட்டுப் போ" என்று சொன்னாலும் எடுக்காதீர்கள், பிடிபட்டால் அவருக்கும் தண்டனை உண்டு, உங்களுக்கு வேலை அனுமதியே போய்விடலாம். இன்னொன்று, வொர்க் பெர்மிட்டில் இருந்துகொண்டு பக்கத்தில் சொந்தத் தொழில் என்று வண்டி வாங்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். நான் எழுதுவது நிரந்தரவாசி ஆகி நிறுவனம் பதிந்தவர்களுக்கும், முதலாளி "நீயே ஒரு வண்டி பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பைத் தலையில் கட்டிய சூப்பர்வைசர்களுக்கும்தான்.

சரி, வண்டிக்கு வருவோம்.

ஊரில் ஒரு வண்டி நல்ல வண்டியா என்றால் அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடுமா, பதினைந்து வருடம் தாங்குமா என்று கேட்போம். இங்கே அந்தக் கேள்வி பாதி செத்துப்போன கேள்வி. சிஓஇ, அதாவது வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் அரசாங்கச் சான்றிதழ், பத்து வருடம். அது முடிந்தால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒன்று ஸ்கிராப், இல்லையென்றால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதற்கும் முந்தைய மூன்று மாதங்களின் சராசரிக் கட்டணத்தைக் கட்ட வேண்டும், ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் அதோடு சரி, மறுபடி புதுப்பிக்க முடியாது, எப்படிப் போனாலும் சரக்கு வண்டிக்கு மொத்த ஆயுள் இருபது வருடம். சரக்கு வண்டிகளுக்கான சி பிரிவுச் சான்றிதழ் மட்டும் அண்மைய ஆண்டுகளில் 60,000 வெள்ளியைத் தாண்டியே நிற்கிறது. யோசித்துப் பாருங்கள், வண்டியின் இரும்புக்குக் கொடுப்பதைவிடக் காகிதத்துக்குக் கொடுப்பது அதிகம். அந்தக் காகிதம் ஓடினாலும் கரையும், வொர்க்‌ஷாப்பில் நின்றாலும் கரையும். அதனால் இங்கே நம்பகமான வண்டி என்பதற்கு என் கணக்கு வேறு: மாதத்தில் எத்தனை நாள் நிற்கிறது, நின்றால் எத்தனை நாளில் பாகம் கிடைக்கிறது. இந்த இரண்டும்தான்.

இப்போது பிராண்ட் சண்டை. காப்பிக் கடை மேசையில் இது ஒரு கட்சி அரசியல் மாதிரி. எனக்குத் தெரிந்த தோட்ட வேலை கான்ட்ராக்டர் ஒருவர் இசுசு தவிர வேறு எதையும் தொட மாட்டார். பூச்சி மருந்து அடிக்கும் நண்பர் ஹைலக்ஸ் கட்சி. இவர்கள் இருவரும் பேச ஆரம்பித்தால் கோப்பி ஆறிவிடும். ஆனால் ஹைலக்ஸ், டிமேக்ஸ், மிட்சுபிஷி ட்ரைட்டன், நிசான் நவாரா, ஃபோர்டு ரேஞ்சர் ஐந்துமே தாய்லாந்தில் தயாராகிற வண்டிகள் என்று சொன்னால் இரண்டு பேருமே கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள். இன்னும் வேடிக்கை, மஸ்டா பிடி-50 முன்பு ரேஞ்சரோடு உடம்பைப் பகிர்ந்துகொண்டிருந்தது, 2020இல் வந்த மாடலில் இருந்து டிமேக்ஸோடு. 2022இல் வந்த ஃபோக்ஸ்வாகன் அமரோக் உள்ளே ரேஞ்சர்தான். முகப்பில் இருக்கும் சின்னத்துக்காகச் சண்டை போடும் முன் அடியில் எவன் எலும்பு என்று பார்க்க வேண்டும்.

ஹைலக்ஸ் 1968இல் இருந்து வருகிறது. அதற்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை, எந்த மூலைக் கடையிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், விற்கும்போதும் ஆள் வரிசையில் நிற்பார்கள். ஆனால் "டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற டீசல் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகளின் புகை வடிகட்டி அமைப்பில் குறை இருந்தது என்று அங்குள்ள கூட்டரசு நீதிமன்றமே 2022இல் தீர்ப்புச் சொன்னது. குலதெய்வத்துக்கும் சளி பிடிக்கும்.

டிமேக்ஸுக்கு என் மனதில் இருக்கும் மதிப்புக்குக் காரணம் அந்த மூன்று லிட்டர் எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சின் இசுசுவின் சின்ன லாரிகளிலும் ஓடியது, அதனால் காக்கி புக்கிட்டில் லாரி பார்க்கிற எந்தக் கடைக்காரரும் அதைத் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சேர்ப்பார். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். சத்தம் அதிகம், கூட உட்காருபவரோடு கத்தித்தான் பேச வேண்டும். (ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில், சென்னைக்குப் பக்கத்திலேயே, இசுசு தொழிற்சாலை இருப்பதால் ஊரிலிருந்து வரும் தம்பிகளுக்கு இந்த வண்டி பழக்கம். ஆனால் ஊர் வண்டி பாகத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வராதீர்கள், எல்லாம் பொருந்தாது.)

நவாரா டபுள் கேபினுக்குப் பின்னால் காயில் ஸ்பிரிங், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங். அதனால் சொகுசாகப் போகும், கனமான பாரம் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். பிரிட்டனில் பழைய நவாராக்களின் சேசிஸ் (அடிச்சட்டம்) துருப்பிடித்து, சிலது இரண்டாகவே உடைந்து, கம்பெனியே வண்டிகளைத் திரும்ப வாங்கிய கதை உண்டு. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். இங்கே பனி ஏது என்று கேட்கலாம், அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். ட்ரைட்டன் பிடித்தவர்கள் அதன் திருப்பத்துக்காகச் சொல்வார்கள், முந்தைய தலைமுறை வண்டியின் திருப்பு ஆரம் 5.9 மீட்டர்தான், வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் பார்க்கில் தினமும் நுழைந்து வெளியே வருபவருக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று ஓட்டினால்தான் தெரியும். ரேஞ்சர் ஓட்டச் சுகம், பத்து கியர் ஆட்டோமேட்டிக் எல்லாம் உண்டு, ஆனால் உங்கள் தெருமுனை வொர்க்‌ஷாப்பில் அதைப் படிக்கும் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அமெரிக்காக்காரன் எஃப்-150, ராம், சில்வராடோ என்று ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது நம் ஊர்க் கதை இல்லை.

என்னிடம் கேட்டால் இந்த ஐந்தில் எதுவுமே மோசம் இல்லை. சிங்கப்பூரில் பிக்கப்பைக் கொல்வது பிராண்ட் இல்லை, நாம் ஓட்டுகிற விதம்.

2018 தொடக்கத்தில் இருந்து இங்கே பதியும் புது டீசல் வண்டி எல்லாம் யூரோ 6 என்ற புகை விதிப்படிதான். அதாவது புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கும், அதில் கரி சேரும், சேர்ந்த கரியை வண்டி தானே சூடாகி எரித்துவிட வேண்டும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? தோ பாயோவில் ஒரு வீடு, அங்கிருந்து பீஷானில் ஒரு வீடு, அப்புறம் அங் மோ கியோ, ஒவ்வொன்றும் பத்து நிமிட ஓட்டம், நடுவில் எட்டுச் சிக்னல். வெயிலுக்குப் பயந்து எஞ்சினை அணைக்காமல் ஏர்கானில் தூங்குகிறோம். (அதுவும் குற்றம், நின்ற வண்டியில் எஞ்சினை ஓட விட்டால் அபராதம் வரும்.)

என் வண்டியிலும் இதுதான் நடந்தது. எந்த பிராண்ட் என்று சொல்ல மாட்டேன், தப்பு வண்டியுடையது இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன் ஓட்டிக்கொண்டிருந்தான், டேஷ்போர்டில் மஞ்சளாகச் சின்னதாக ஒரு விளக்கு, பெட்டிக்குள் புள்ளி வைத்த மாதிரி. "ரெண்டு வாரமாவே எரியுதுண்ணே, வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றான். மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை, பிஐஇ விரைவுச்சாலையில் ஜூரோங் நோக்கிப் போகும்போது வண்டி மூச்சை அடக்கிக்கொண்டது, எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் ஏறவில்லை, பின்னால் டிப்பர்காரன் ஹார்ன் அடித்தே எங்களைக் கரையேற்றினான். வொர்க்‌ஷாப்பில் டிப்ஸ்டிக்கை இழுத்துக் காட்டினார்கள்: எண்ணெய் அளவு குறையவில்லை, மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே ஏறியிருந்தது, மோந்து பார்த்தால் டீசல் வாடை. கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசல் பீய்ச்சும், பாதியில் நாம் அணைத்துவிட்டால் அது எரியாமல் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். நான்கு நாள் வண்டி இல்லை. நான்கு நாளும் வாடகை வேன். இப்போது எங்கள் வண்டி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்ததும் எஸ்எல்இ, டிபிஇ விரைவுச்சாலைகள் வழியாகச் சாங்கி வரை சும்மா போய் வரும், சின்ன சரக்கு வண்டிக்கு அனுமதித்த எழுபதிலேயே. டீசல் வீண்தான். லிட்டருக்கு 20 காசு தீர்வை வேறு 2019இல் இருந்து. இருந்தாலும் அந்த நான்கு நாளைவிட மலிவு.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், பத்து வருடத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் காரை ஸ்கிராப் செய்யும்போது திரும்பக் கிடைக்கும் பார்ஃப் சலுகைப் பணம் சரக்கு வண்டிக்குக் கிடையாது, கடைசியில் கையில் வருவது சிஓஇயின் மிச்சமும் இரும்பு விலையும்தான். அப்புறம் பழைய உரிமையாளர் என்ன தொழில் என்று கேளுங்கள். கிலோமீட்டரை யாராவது குறைத்துச் சொல்லலாம், தொழிலை மறைப்பது கஷ்டம். நவாரா உப்புக் கதை சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் தினமும் பின்தட்டிலிருந்து சேசிஸில் சொட்டியிருக்கும். மேலே பளபளவென்று புதுப் பெயிண்ட், அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிரிங் பட்டைக்குப் பக்கத்தில் இரும்பு பப்படம் மாதிரி ஏடு ஏடாக எழுந்து நிற்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் போதும், நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், செத்த இரும்பு தொப் என்று சொல்லும். நான் ஒரு முறை அப்படித் தட்டியதும் புரோக்கர் முகம் மாறியது, விலையை அவராகவே இறக்கினார், நான் வாங்கவில்லை.

பத்து வருடத்துக்குள் இருக்கும் சின்ன சரக்கு வண்டிக்கு வருடத்துக்கு ஒரு பரிசோதனை, தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒன்று. அதனால் சிஓஇ புதுப்பித்த வண்டியை மலிவு என்று வாங்கினால் புகை அளவுக்காகவே மெக்கானிக்கோடு நெருக்கமாகிவிடுவீர்கள். ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். எதற்கு? இங்கே ஏறுவதற்கு மலை புக்கிட் தீமா ஒன்றுதான், அதிலும் நடந்துதான் ஏற வேண்டும்.

உறுதியாகத் தெரியவில்லை என்றால் மூன்று மாதம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அப்போதுதான் புரிகிறது, தங்களுக்குத் தேவை பிக்கப்பே இல்லை, மழையில் நனையாத வேன் என்று. பின்தட்டு திறந்த வண்டியில் பிளாஸ்டர்போர்டு ஏற்றிக்கொண்டு டிசம்பர் மழையில் ஈஷூன் வரை போனவரைக் கேளுங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் இரண்டு சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகும்போது குடும்பத்தைப் பின்தட்டில் உட்கார வைக்காதீர்கள், அது வேலையாட்களுக்கு மட்டும், அதற்கும் ஆயிரம் விதி. இன்னொன்று, கூண்டு போட்டு மேலே ஏணி கட்டினால் வண்டியின் புது உயரத்தை டேப் வைத்து அளந்து டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். அடுக்குமாடிக் கார் பார்க் வாசலில் உயர வரம்பு எழுதியிருக்கும், ஆனால் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. என் ஏணி இப்போதும் பூன் லேயில் ஒரு கார் பார்க் சட்டத்தின் வளைவை அப்படியே காட்டுகிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை, அதை வைத்தே சுவர் வேலை செய்கிறோம்.