சோலையோரம் எலும்பு கிடந்தால்

போன மார்கழியில் ஒரு காலை. மூடுபனியில் கேட் கூடத் தெரியவில்லை. பக்கத்து எஸ்டேட் வாட்ச்மேன் அண்ணன் ஓர் உரச்சாக்கோடு வந்து நின்றார். "டாக்டரம்மா, இது ஆளோட எலும்பான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க. ஆள்னா ஸ்டேஷனுக்குப் போறேன். மாடுன்னா குழியில தள்ளிடறேன்."

அவிழ்த்தேன். பதினோரு எலும்பு. எங்கே எடுத்தீங்க என்றால், "ஓடைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்." எது எந்தப் பக்கம்? நினைவில்லை. எலும்பு சாக்குக்குள் விழுந்த நிமிஷமே பாதி விஷயம் போய்விட்டது.

மருத்துவக் கல்லூரியில் தடயவியல் பாடம் எடுத்து ஓய்வுபெற்றுக் கோத்தகிரியில் குடியேறியவள் நான். இங்கே வந்தபின் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி யாராவது வருகிறார்கள். வனக்காவலர், கங்காணி, விறகுக்குப் போகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எதையும் எடுக்காதீர்கள், மண்ணைக் கிளறாதீர்கள். எலும்புக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் அகலம் 27 மில்லிமீட்டர், எனக்கு அளவுகோல் அதுவே போதும். போனில் கிட்டத்தில் ஒரு படம், பத்தடி தள்ளி ஒரு படம், மரமோ பாறையோ தெரிகிற மாதிரி இன்னொன்று. போனிலேயே லொகேஷனையும் சேமித்துவிட்டு, வந்த தடத்திலேயே திரும்புங்கள். பிறகு 112க்கோ, வி.ஏ.ஓ.வுக்கோ சொல்லுங்கள். மனித எலும்பு என்று சந்தேகம் வந்தாலே அது சந்தேக மரணக் கணக்கில் வரும். 2024 ஜூலை முதல் அதற்கு பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவு. போலீஸ்காரர்கள் வாயில் இன்னும் பழைய சட்டத்தின் "174"தான்.

கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எலும்புதானா? மனித எலும்பா? எத்தனை பேருடையது? எவ்வளவு பழசு? ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன உயரம்? இத்தனைக்கும் பிறகுதான் "யார்". ஊர் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்கும். யாருடைய பெயரையாவது சொல்லி வாட்ஸ்அப்பில் படமும் போட்டுவிடும்.

மனித எலும்பா என்பதில்தான் மலையில் அதிகம் ஏமாறுகிறோம். காட்டெருமை, கடமான், பன்றி, கருமந்தி, கரடி, எல்லாமே இங்கே செத்து விழுகிறவை. கடமானுக்கும் மாட்டுக்கும் கால் குளம்புக்கு மேலே நீளமாக ஒற்றைக் குழல் எலும்பு இருக்கும். இரண்டு எலும்பு ஒட்டி ஒன்றானது அது. அதன் கீழ்முனையில் கப்பிச் சக்கரம் போல இரண்டு உருளைகள். நம் உடம்பில் அப்படி ஓர் எலும்பே கிடையாது. மண்டையோடு கிடைத்தால் தண்டுவடம் இறங்கும் பெரிய துளையைப் பாருங்கள். நிமிர்ந்து நடக்கிற நமக்கு அது மண்டையின் அடியில் இருக்கும், நாலுகால் பிராணிக்குப் பின்பக்கம். மந்திக்கு முகவாய்க்கட்டை கிடையாது, கோரைப்பல் நீளம். மனிதத் தொடை எலும்பின் பின்பக்கம் நெடுக வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு ஓடும். இருட்டில் தடவினால்கூடத் தெரியும்.

அனுபவசாலிகளையே கவிழ்ப்பது கரடிப் பாதம். நகம் கழன்று தோலும் போனபின் அச்சு அசலாக மனிதக் கை. விரல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நம் கையில் கட்டைவிரல் குட்டையாக, தடித்து, தனியாக விலகி நிற்கும். கரடிக்கு உள்பக்க விரல்தான் சோனி, வெளிப்பக்கத்தது தடிமன். கரடியின் உள்ளங்கை எலும்புகளின் முனையில் நடுவே ஒரு சிறு மேடும் இருக்கும். நம்முடையது வழவழவென்று உருண்டிருக்கும்.

இன்னொரு ஏமாற்றுக்காரன் பன்றிக் கடைவாய்ப்பல். அதன் மேல் இருக்கிற குமிழ்கள் நம் பல்லை நினைவூட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1922இல் அமெரிக்காவில் ஆஸ்பர்ன் என்ற பெரிய விஞ்ஞானி, நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரே ஒரு பல்லைப் பார்த்துவிட்டு, மனிதனுக்கு நெருங்கிய குரங்கினம் என்று பெயரே சூட்டிவிட்டார். 1927இல் அது பன்றிக்கு உறவான ஒரு பிராணியின் பல் என்று தெரிந்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

அப்புறம் முள்ளம்பன்றி. எலும்பை இழுத்துப்போய்க் கொறிப்பது அதன் பழக்கம். கொறித்த இடத்தில் அகலமான, அடிதட்டையான கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். பார்த்தவுடன் "ரம்பம் வெச்சு அறுத்திருக்கான்" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் பக்கம் ஒரு முறை அப்படிக் கிளம்பிய வதந்தியில் ஒரு குடும்பம் இரண்டு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. நாயும் செந்நாயும் வேறு மாதிரி: முனைகளைத்தான் முதலில் தின்னும், பல் இறங்கிய குழி தெரியும்.

எத்தனை பேர் என்பது எளிய கணக்கு. இரண்டு இடது தொடை எலும்பு இருந்தால் குறைந்தது இரண்டு பேர்.

எவ்வளவு பழசு என்பது மலையில் தனிச் சிக்கல். சமவெளிக் கோடையில் சில வாரங்களில் எலும்பாகிவிடும் உடல், சோலை நிழலிலும் குளிரிலும் மாதக்கணக்கில் இழுக்கும். மறுபக்கம், இங்குள்ள புளிப்பு மண் எலும்பை வெகு சீக்கிரம் அரித்துவிடும். ஆகவே மக்கியிருக்கிறது என்பதற்காகப் பழையது என்று சொல்லிவிட முடியாது. கையில் எடுத்தால் பிசுக்கு இருக்கிறதா, வாசனை வருகிறதா, பாசி பிடித்திருக்கிறதா, வேர் உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்போம். வேர் இருந்தால் வெட்டாமல் அப்படியே அனுப்பச் சொல்வேன், தாவரவியல்காரர் ஏதாவது சொல்லக்கூடும். கல்வட்டத்துக்குள் பானை ஓட்டோடு வெந்த சிறு துண்டுகள் கிடைத்தால் அது பெருங்கற்காலச் சங்கதியாக இருக்கலாம். நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ் 1870களின் தொடக்கத்தில் தோண்டியவை இப்படிப்பட்ட கல்வட்டங்கள்தான், எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்தப் பொருட்கள் உண்டு. அப்போதும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள், நீங்களே தோண்டாதீர்கள். தோடர் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்புப் பக்கம் எருமை மண்டையும் கொம்பும் கிடந்தால் அது அவர்களுடைய ஈமச்சடங்கு இடமாக இருக்கலாம். விலகிப் போங்கள்.

இனி சொல்வது மேஜை வேலை. நீங்கள் செய்ய வேண்டாம், ஆனால் டாக்டர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்தால் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரியும்.

ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்புதான் சாட்சி. அதன் பின்பக்கத்தில் ஒரு பெரிய வளைவு உண்டு. கட்டைவிரலை அதில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். தாராளமாக ஆடினால் பெரும்பாலும் பெண், இறுக்கிப் பிடித்தால் ஆண். முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடத்தின் கீழ்க்கோணம் பெண்ணுக்கு விரிந்தும் ஆணுக்குக் குறுகியும் இருக்கும். மண்டையோடு இரண்டாம்பட்சம்தான். இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மண்டையோடு மட்டும் வந்தது. புருவமேடு தடிப்பு, காதுக்குப் பின்னால் இருக்கிற முண்டு பெரிது. "ஆண்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காணாமல் போன ஆண்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஓடையில் நாற்பது மீட்டர் கீழே இடுப்பெலும்பு கிடைத்தது. கட்டைவிரலை வைத்தேன். இரண்டு பக்கமும் தாராளமாக ஆடியது. ஓர் அம்மாவின் பிள்ளைகள் மூன்று நாள் தேவையில்லாமல் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மண்டையோடு மட்டும் வந்தால் "ஆணாக இருக்கலாம்" என்றுதான் எழுதுவேன், எவ்வளவு நெருக்கினாலும்.

வயதுக்குப் பல்லும் எலும்பு முனைகளும். நிலையான முதல் கடைவாய்ப்பல் ஆறு வயதையொட்டி முளைக்கும், இரண்டாவது பன்னிரண்டையொட்டி. ஞானப்பல் பதினேழுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரும், சிலருக்கு வரவே வராது. குழந்தை எலும்புகளின் முனைகள் ஒட்டியிருக்காது, கழன்று தனித்தனிச் சில்லாகக் கிடக்கும். கூழாங்கல் என்று தள்ளிவிடாதீர்கள். கடைசியாக ஒட்டுவது காரை எலும்பின், அதாவது கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பின், உள்முனை, இருபதுகளின் கடைசி வரை இழுக்கும். முப்பது தாண்டிவிட்டால் நாங்களும் பத்து வருஷ இடைவெளி விட்டுத்தான் பேசுவோம். மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் தையல் கோடுகளை மட்டும் பார்த்து "நாற்பத்திரண்டு வயசு" என்று ஒருவர் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

உயரத்துக்குத் தொடை எலும்பு. அது மொத்த உயரத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம், ஏறத்தாழ 26.7 சதவீதம். 42 சென்டிமீட்டர் எலும்பு என்றால் ஆள் 157 சென்டிமீட்டர் சுமார், ஐந்தாறு முன்னே பின்னே.

"யார்" என்பதற்கு இவை எதுவும் போதாது, ஆட்களைக் கழிக்கத்தான் உதவும். உறுதி சொல்வது டி.என்.ஏ., பல் சிகிச்சைப் பதிவு, எலும்பு முறிவுக்கு வைத்த தகட்டில் பொறித்த எண். தகடு ஒன்று மண்ணில் கிடந்தால் அதைவிடப் பெரிய புதையல் இல்லை. மண்டையோட்டையும் புகைப்படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பொருத்துவதும் உண்டு. 1935இல் இங்கிலாந்தில் டாக்டர் ரக்ஸ்டன் கொன்ற மனைவியின் மண்டையோட்டை அப்படித்தான் ஒப்பிட்டார்கள். ஆனால் பொருந்தவில்லை என்பதை அது எவ்வளவு உறுதியாகச் சொல்லுமோ, பொருந்துகிறது என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. குடும்பத்தாரிடம் பழைய எக்ஸ்ரே கேளுங்கள், சிரித்தபடி பல் தெரிகிற போட்டோ கேளுங்கள், வெற்றிலை போடுவாரா என்று கேளுங்கள்.

போலீஸ் எடுக்கும்போது ஒவ்வோர் எலும்பும் தனித்தனிக் காகிதப் பையில் போக வேண்டும். பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரம் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கழுவக் கூடாது. மண்டைக்குள் இருக்கும் மண்ணையும் கொட்டக் கூடாது, அதில் பல் இருக்கும்.

அந்தச் சாக்கைப் பற்றி: பத்து எலும்பு கடமான். பதினோராவது ஒரு காரை எலும்பு. கடமானுக்குக் காரை எலும்பே கிடையாது. அண்ணனை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு நானே ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். ஓடையின் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. சருகுக்கு நடுவில் ஒரு பல், பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம். "கை வெக்கல டாக்டரம்மா." பன்றிப் பல்.