ஜப்பான் பட்டறைகளைப் படம் எடுக்கக் குழுவாகப் போகிறீர்களா? முதலில் ஆரணிக்குப் போய் வாருங்கள்

ஜப்பானியக் கைவினைகளைப் படம் எடுக்கப் போகலாமா என்று வேலூரில் யார் பேச ஆரம்பித்தாலும் முதல் கேள்வி எந்த லென்ஸ் எடுத்துக்கொள்வது என்பதுதான். என்னைக் கேட்டால் முதலில் எத்தனை பேர் போகிறீர்கள் என்று கேட்பேன். ஆறு பேர் போதும். அதற்கு மேல் ஒருவர் கூட வேண்டாம், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி.

இதை நான் ஜப்பானில் கற்றுக்கொள்ளவில்லை, ஆரணியில் கற்றேன். பயணத்துக்கு முன் பழக்கம் வரட்டும் என்று ஒரு பட்டு நெசவாளர் வீட்டுக்குப் போனோம், பதினொரு பேர். தறி போட்ட அறை பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். ஒருவர் தரையில் படுத்து மிதிப்பலகையை எடுக்கிறார், ஒருவர் ஜன்னலை மறைத்து நிற்கிறார், இன்னொருவருடைய கேமரா வார் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் உரசி இரண்டு இழை அறுந்தது. அந்த அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தறியை நிறுத்தினார், குனிந்து அறுந்த முனையை விரல் நுனியாலேயே தேடினார், துளி சாம்பலைத் தொட்டு முறுக்கி ஒட்டினார். அரை மணி நேரம் போய்விட்டது. ஒரு சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த அரை மணி நேரம் சும்மா இல்லை. அன்று எடுத்த படங்களில் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. எல்லாவற்றிலும் எங்களுக்காக முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்ட ஒரு மனிதர்தான் இருந்தார்.

அதனால் விமான டிக்கெட் போடும் முன்னால் நம் பழைய வட ஆற்காட்டுக்குள்ளேயே நான்கு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். ஆரணியில் பட்டுத்தறி, குடியாத்தத்தில் கைலித்தறி, காட்பாடிப் பக்கம் கரிகிரியில் மண்பாண்டம். ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும் உள்ளே, மற்றவர்கள் தெருவில். உள்ளே போனதும் முதல் இருபது நிமிடம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். சும்மா உட்கார்ந்து பாருங்கள். வேலைக்கு ஒரு தாளம் உண்டு, ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கம் வந்ததும் கை எங்கே போகிறது, தோள் எப்போது தளர்கிறது என்று அப்போதுதான் பிடிபடும். அது பிடிபட்டால் நூறு படம் தட்ட வேண்டியதில்லை, எட்டு பத்து போதும்.

ஆரணியில் இருந்த நேரம் கியோத்தோவின் பட்டு நெசவுப் பகுதியான நிஷிஜினில் நேராகக் கைகொடுத்தது. தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் தொங்குமே, துளைப்படி நூலைத் தூக்கிப் பூவேலை வரவைக்கும் அதே ஜக்கார்டு இயந்திரம் அங்கேயும் இருக்கிறது. 1872இல் நிஷிஜின்காரர்கள் பிரான்சின் லியோனுக்கு ஆள் அனுப்பிக் கற்றுக்கொண்டு, மறு வருடமே அந்த இயந்திரத்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அட்டை எப்போது நகரும், நூல் எப்போது பிரியும் என்று எங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் அங்கே போய்த் திணறவில்லை.

சரி, எங்கே போவது? டோக்கியோ, கியோத்தோ, ஹிரோஷிமா என்று பத்து நாளில் ஓடாதீர்கள். என் யோசனை ஃபுகுய் மாகாணம். காகிதம், கத்தி, அரக்குப் பாத்திரம், மண்பாண்டம், மரப்பெட்டி என ஐந்து கைவினைகள் சுமார் 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன. அக்டோபரில் போனால் இன்னும் நல்லது. அந்த மாகாணத்தின் சபாயெ, எச்சிஸென் ஊர்ப் பக்கத்துப் பட்டறைகள் 2015 முதல் வருடம் ஒருமுறை ரீநியூ என்ற பெயரில் சில நாட்கள் கதவைத் திறந்து வைக்கிறார்கள், வெளியாட்கள் வருவார்கள் என்று அவர்களே எதிர்பார்க்கும் நாட்கள் அவை. அந்த வருடத் தேதியைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். போவதும் இப்போது சுலபம், 2024 மார்ச் 16 முதல் புல்லட் ரயில் சுருகா வரை நீண்டு எச்சிஸென் தகெஃபு என்ற நிலையமும் வந்துவிட்டது. நாம் சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக ஒசாகாவில் இறங்கி, கியோத்தோவில் இரண்டு நாள் இருந்துவிட்டு, சுருகாவில் புல்லட் ரயிலுக்கு மாறினால் போதும். குடை முக்கியம். சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடையே உண்டு, அப்படி மழை பெய்யும்.

எச்சிஸென் காகிதப் பட்டறைக்குக் குறைந்தது ஒன்றரை நாள் கொடுங்கள். காகிதம் கோஸோ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது, நம் பட்டுப்புழு தின்னும் மல்பெரிக்கு அது சொந்தக்கார மரம். பட்டையை வேகவைத்த பிறகு தண்ணீருக்குள் வைத்து ஒவ்வொரு தூசியாகக் கையால் பொறுக்குகிறார்கள். நம் வீட்டில் முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கும் அதே குனிவு, அதே மௌனம். எல்லோரும் காகிதம் எடுக்கும் தொட்டியைத்தான் படம் பிடிப்பார்கள், நான் சொல்வது இந்தப் பொறுக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள் என்று. அடுத்து நாரோடு ஒரு வேரின் கொழகொழப்பைக் கலக்கிறார்கள், அது வெண்டைக்காய்க் குடும்பத்துச் செடி. அந்தக் கொழகொழப்பு இருப்பதால்தான் நார் அடியில் தங்காமல் தண்ணீரில் மிதந்து நிற்கிறது. மூங்கில் சல்லடையைத் தொட்டியில் முக்கித் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டும்போது தண்ணீர் ஒரு தகடு மாதிரிச் சரிந்து ஓடும். ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்குங்கள், தண்ணீர் துணி போல வரும், சட்டத்தைப் பிடித்த கை மட்டும் அசைவில்லாமல் நிற்கும் கணம் ஒன்று உண்டு. ஆட்டம் திரும்பும் இடத்தில் அது வரும். நான் பார்த்த அம்மாவின் விரல்கள் குளிரில் சிவந்திருந்தன, பக்கத்தில் ஒரு வாளி வெந்நீர். பத்துப் பதினைந்து தாளுக்கு ஒருமுறை அதில் கையை நனைத்துக்கொண்டார். எனக்குப் பிடித்த படம் அந்த வாளிக்குள் இருக்கும் கைகள்தான்.

ஒரு தொழில்நுட்ப விஷயம், இதைத் தெரியாமல் போனால் நிறைய படம் வீணாகும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, கியோத்தோ, ஃபுகுய், கனஸவா பக்கமெல்லாம் 60. டியூப்லைட் வெளிச்சத்தில் இங்கே ஷட்டரை 1/50, 1/100 வைத்துப் பழகிய கைக்கு அங்கே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/60 அல்லது 1/125 வையுங்கள். சத்தமில்லாத ஷட்டர் மரியாதைதான், ஆனால் இந்தக் கோடு அதில்தான் அதிகம் வரும், முதல் இரண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். அப்புறம் குளிரிலிருந்து சூடான அறைக்குள் போனால் லென்ஸில் பனி படியும், வேலூர் வெயிலில் இருப்பவர்களுக்கு இது பழக்கமே இல்லை. உள்ளே நுழையும் முன் கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, கால் மணி நேரம் கழித்துத் திறவுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஸ்டாண்டும் வேண்டாம். 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, 85 ஒன்று, போதும்.

பக்கத்திலேயே கனஸவா. ஜப்பானின் தங்கத்தகட்டில் ஏறக்குறைய 99 சதவீதம் அங்கேதான் அடிக்கிறார்கள், கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம் ஸ்ரீபுரம் பொற்கோயிலில் தூரத்திலிருந்து தங்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒருவர் மூங்கில் கவ்வியால் அந்தத் தகட்டைத் தூக்கி மெதுவாக ஊதிச் சமன் செய்வது வேறு அனுபவம். நீங்கள் வேகமாக நடந்தாலே அது பறக்கும். இருவர் இருவராகத்தான் போக வேண்டும், கிளிக் செய்யும் நேரம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேட்டுத்தான் எடுக்க வேண்டும். "ஷாஷின் ஓ தொத்தெமோ ஈ தெஸ் கா" என்றால் படம் எடுக்கலாமா என்று அர்த்தம். முகம் காட்டத் தயங்கினால் "தே தகே" என்று கையைக் காட்டுங்கள், கை மட்டும் என்று பொருள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், ஓட்டை இல்லாத சாக்ஸ் தினம் ஒன்று வையுங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஒரு பொருளாவது வாங்குங்கள். 1974இல் வந்த மரபுக் கைவினைச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பொருள்களில் அதற்கான முத்திரை ஒட்டியிருக்கும். நாங்கள் இங்கிருந்து ஆரணிப் பட்டுத் துண்டு ஆளுக்கு நான்கு கொண்டுபோனோம். துணியைத் தடவிப் பார்த்துவிட்டு அவர்கள் பேச ஆரம்பித்தால் அதற்கப்புறம் மொழி பெரிய தடையாக இருக்காது. கியோத்தோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் படம் எடுக்கத் தடை இருக்கிறது, 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ரசம் போலத் தெளிவாகத் தெரியும் சூப்பிலும் மீன் இருக்கும். பெரிய பெட்டிகளைத் தக்யூபின் கூரியரில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கேமரா பையோடு மட்டும் ரயில் ஏறுங்கள்.

கிளம்பும் முன் ஒவ்வொரு பட்டறையிலும் உங்கள் நோட்டை நீட்டி, முகவரியை ஜப்பானிய எழுத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஊருக்கு வந்ததும் அதை அப்படியே பிரதி எடுத்து உறையில் ஒட்டி, கீழே ஜப்பான் என்று ஆங்கிலத்திலும் எழுதி, நல்ல படம் இரண்டைப் பிரின்ட் போட்டு ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள். ஆரணி அண்ணனுக்கு மட்டும் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.