அபராதம் அல்ல, கட்டண வித்தியாசமே

இங்கிலாந்தில், அன்றைய தேதியிட்ட ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேரத்துக்கான) டிக்கெட்டுடன் காலை நெரிசல் நேர ரயிலில் சென்றதற்காக, பரிசோதகர் எனக்கு 100 பவுண்டும் ஒருவழிக் கட்டணமும் சேர்த்து அபராதச் சீட்டு எழுதித் தந்தார். 21 நாட்களுக்குள் கட்டினால் அந்த 100 பவுண்டு 50 ஆகக் குறையும் என்பதால், பலர் மனத்தாங்கலோடு கட்டிவிடுகிறார்கள். நான் கட்டவில்லை. தேதி சரியாக இருந்து நேரம் மட்டும் பொருந்தாதபோது கட்டண வித்தியாசத்தையே வசூலிக்க வேண்டும் என்று தேசிய ரயில் பயண நிபந்தனைகள் சொல்கின்றன (குறிப்பிட்ட ரயிலுக்கென முன்கூட்டியே வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்டுக்கு இது பொருந்தாது). டிக்கெட்டின் படத்தையும் அந்த நிபந்தனையின் வாசகத்தையும் இணைத்து, அதே 21 நாள் கெடுவுக்குள் மேல்முறையீடு செய்தேன். அது நிலுவையில் இருக்கும்வரை கெடு ஓடாது என்பதால் பயந்து கட்ட வேண்டியதில்லை. முதல் நிலையில் நிராகரித்தார்கள். அபராதச் சீட்டிலேயே பரிசோதகர் 'ஆஃப்-பீக்' என்று கைப்பட எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டி இரண்டாம் நிலைக்குப் போனதும் அபராதம் ரத்தானது. வித்தியாசத் தொகையை மட்டும் செலுத்தினேன்.